பட்டாளத்திலிருந்து ஓடிவந்த கொள்ளுத்தாத்தா

பட்டாளத்திலிருந்து ஓடிவந்து ஜெயிலில் அடைபட்ட என் கொள்ளுத்தாத்தா, விடுதலையானதும் ஊர் திரும்பாமல் கல்வராயன் மலையில் இன்னொரு குடும்பத்தோடு வாழ்ந்தார் என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சங்கராபுரத்தில் பஸ் ஏறி அவர் வாழ்ந்த மலையூருக்கே போனேன். அந்தக் குடும்பத்தில் அவருக்குப் பேரனான ஒருவர் வயலில் சாமை அறுத்துக்கொண்டிருந்தார். உறவைச் சொல்லியபடியே வயலைப் போனில் படம் எடுத்தேன். அவர் கதிரரிவாளோடு நிமிர்ந்தார்.

"இன்னா, நெலத்துல பங்கு கேட்டு வந்தீங்களா?"

அவர் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தேன்.

"நெலம் வேணாங்க சித்தப்பா. அவரு ஏன் பட்டாளத்த வுட்டு ஓடியாந்தாருன்னு தெரிஞ்சா போதும்."

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "அது எங்களுக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சா வந்து சொல்லு."

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது எந்த உறவினரிடம் போனாலும் வந்த காரணத்தைத்தான் முதலில் சொல்கிறேன். அவர்கள் சம்மதிக்கும்வரை போனைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

– ஒரு வாசகி, சங்கராபுரம்