சாவி போட இடமில்லாத பூட்டு

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் பூட்டு. இதை நான் ஆறாம் வகுப்பிலேயே கற்றுவிட்டேன். அதனால்தான் என் வேலைக்கு ஆபத்து வந்தது.

அப்போது சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துத் தரும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயிக்குக் கோமுகி அணையில் உல்லாசப் படகு விட ஆசை. சிங்கப்பூரிலிருந்த அவருடைய மச்சான் ஒரு பெட்டி படகுச் சாமான் அனுப்பினார். பட்டியலில் 'ரோலாக்' என்று இருந்தது. நான் படிவத்தில் 'பூட்டு' என்று எழுதிவிட்டேன்.

சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். உள்ளே கிரீஸ் அப்பிய பித்தளைத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொம்பு.

"சாவிய எங்க போடுவீங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான். விவசாயிக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். 'துடுப்பு மாட்டுவது' என்று பதில் வந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் துடுப்பு என்றால் கேழ்வரகுக் களி கிண்டும் கட்டை. படகில் சமைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பூட்டை அடித்துவிட்டு, 'சமையலறைக் கரண்டி மாட்டி' என்று திருத்தினேன்.

அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "போன வாரம் பூட்டு. இந்த வாரம் கரண்டி மாட்டி. அடுத்த வாரம் கோயில் மணியா? சரி, சிங்கப்பூர்ல வித்தாங்க. செஞ்சது எந்த நாடு? ஒண்ணுலயும் நாட்டுப் பேர் இல்லையே. அரத்தால ராவி எடுத்துட்டீங்களா?"

ஒரு பித்தளைத் துண்டில் நூல் கோத்து, அட்டை கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்து என்னிடம் கொடுத்தார். விவசாயி அந்த அட்டையில், இது இன்ன பொருள், இன்ன நாட்டில் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் சரக்கு பறிமுதல். எங்கள் முதலாளி இன்னும் ஒன்று சேர்த்தார்: "முத்திரை உடைஞ்சா அப்படியே ஊரோட இருந்துக்க."

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. தியாகதுருகத்துக்கு முன்னாலேயே பேருந்து நின்றுவிட்டது. போராட்டக்காரர்கள் வெட்டிய புளியமரங்கள் சாலையில் குறுக்கே கிடந்தன. இறங்கி நடந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் பெரிய அண்டாவில் களி வெந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் மறித்தார்.

"எங்கய்யா போய்க்கினு கீற? எந்தூரு? யாரு வூடு?"

சொன்னேன்.

"பையில இன்னா?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். என் முகம் பொய்க்கு ஒத்துழைக்காது. எடுத்துக் காட்டினேன். அரக்கைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள்.

"கோர்ட்டு முத்திரைடா இது! நம்ம ஆளுங்க மேல கேஸ் ஜோடிக்க எடுத்துக்கினு போறான்."

"போலீசாய்யா நீ?"

"என்னப் பாத்தா போலீஸ் மாதிரியாங்க இருக்குது?"

துண்டுக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தார். "இல்லதான்" என்றார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம்.

"அப்ப இது இன்னா?"

"துடுப்பு மாட்டுறதுங்க."

களி கிண்டிக்கொண்டிருந்தவர் துடுப்போடு எழுந்து வந்தார். "இதையா? இத மாட்ட சர்க்காரு முத்திரையா? யாரு காதுல பூ சுத்துற?"

யாரோ நூலைப் பிடித்து இழுத்தார்கள். என் உயிரே அந்த முடிச்சில் இருந்தது. "ஐயா, அது அறுந்தா என் வேல போயிடுங்க" என்று கும்பிட்டேன்.

"நூல வுடுடா" என்றார் துண்டுக்காரர். கடலூர் துறைமுகத்தில் இரண்டு வருஷம் மீன் கூடை தூக்கியவராம். பித்தளையைப் புளியமரத்தின் மேல் நிறுத்திப் பிடித்தார். களித் துடுப்பை வாங்கி, இரண்டு கொம்புக்கும் நடுவே வைத்து, முன்னும் பின்னும் வலித்தார். களி என் சட்டையில் தெறித்தது.

"படகுத் துடுப்புடா! இதுல வச்சித்தான் வலிப்பாங்க."

நான் எழுதியது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அவர் தலைத்துண்டை அவிழ்த்து, கிரீஸையும் களியையும் அழுத்தித் துடைத்தார். "உள்ள இன்னாமோ எழுதிக்கீது, படி."

கொம்புகள் சேரும் குழிவில் ஆங்கில எழுத்துகள். "தைவான்" என்று படித்தேன்.

"அது எந்த ஜில்லா?"

வெளிநாடு என்றேன். நம்பினாரோ என்னவோ, பித்தளையைத் திருப்பிக் கொடுத்தார். "போ. எங்களப் பத்தி எங்கயும் எழுதிக் குடுக்காத."

"நான் எழுதறத யாருங்க நம்புறாங்க?"

கச்சிராயபாளையத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தேன். விவசாயி பித்தளையை முகர்ந்து பார்த்தார். "களி ஒட்டிக்கினு கீது. இதுலயா சாப்ட்டீங்க?" பிறகு, பெட்டியில் எத்தனை வந்தது, எத்தனை பாக்கி இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி முத்திரையை உற்றுப் பார்த்தார். அது முழுசாக இருந்தது. பித்தளைக் குழிவில் எழுத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "போகும்போது இல்லாத எழுத்து வரும்போது எப்படி வந்தது? எந்தப் பட்டறையில வெட்டினீங்க?"

களிக் கதையைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்தார். தைவான். மற்றொன்று. அதிலும் தைவான். கைக்குட்டை கறுத்த பிறகுதான் நிறுத்தினார். அடுத்து வரிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் படகுக்கு இடம் உண்டு, படகின் உதிரிச் சாமானுக்கென்று தனி இடம் இல்லை. கடைசியில் பித்தளைப் பொருத்துச் சாமான்கள் இருக்கும் பக்கத்தில் அதைச் சேர்த்து, என்னை ஒரு தடவை முறைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

வேலை தப்பியது. முதலாளி திட்டவில்லை. திங்கட்கிழமை போனபோது என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. நான் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்க்கத் தன் மைத்துனரை உட்கார வைத்திருந்தார். மைத்துனர் என் முதல் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இங்க தேதின்னு போட்டிருக்கீங்களே, அது தேதிதானே?"