தப்பாக ஊதச் சொன்ன துரை

மாமா சிங்கப்பூருக்குப் படிக்கப் போனது எந்த ஆண்டு என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. தம்பி பிறந்த ஆண்டு என்று அம்மா கடைசிவரை சாதித்தார். என் கணக்கு வேறு. ரயில்வேயில் ஆள்குறைப்பு நடந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசையில் மூன்று குவாட்டர்ஸ் காலியாகி, அவற்றில் இருந்தவர்கள் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிய பிறகு. ஆனால் தம்பி பிறப்பதற்கு முன்பு. ஆகவே முப்பதுகளின் தொடக்கம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆண்டில் சந்தேகம் இருந்தாலும் கிழமையில் இல்லை. அது சனிக்கிழமை. ஏனென்றால் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை காலையில் மாமா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர வேண்டியிருந்தது.

அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் அப்பா. ரயில்வே பட்டறை ஸ்டோரில் எழுத்தராக இருந்த அவருக்கு, தன் பெயர் அடுத்த பட்டியலில் வந்துவிடுமோ என்ற பயம். அதற்குள் மைத்துனனை ஒரு சம்பளத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அலைந்து, தோட்டத்துப் பெரிய கிராணியைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார். மாமாவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளியின் கடைசித் தேர்வில் நன்றாகத் தேறி ஓராண்டு ஆகியும், பள்ளியின் பேண்டு அறையை விட்டு அவர் வெளியே வந்தபாடில்லை.

எங்கள் மிஷன் பள்ளியின் காற்றுவாத்திய பேண்டு அப்போது ஊரில் பெயர் பெற்றது. இருபத்திரண்டு பேர். கிளாரினெட், கார்னெட், ஹார்ன், பெரிய பித்தளைக் குழல்கள், இரண்டு டிரம். அதைப் பழக்கியவர் ஒரு மணிலாக்காரர். அரசாங்க பேண்டில் வாசித்துவிட்டு எங்கள் பள்ளிக்கு வந்தவர். பாதி ஆங்கிலம், பாதி மலாய் பேசுவார். சரியாக ஊதினால் ‘பாகுஸ்’ என்பார். தப்பாக ஊதினால் ‘சாலா’ என்பார். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் எங்கள் சனிக்கிழமைகள் கழிந்தன. அவருக்கு முதுகுவலி வந்தால் மாமா நின்று நடத்துவார். கையில் கோலுக்குப் பதிலாக, சீனன் கோப்பிக் கடையிலிருந்து எடுத்து வந்த சாப்பாட்டுக் குச்சி ஒன்று.

நான் இரண்டாம் கிளாரினெட். வயது பதினொன்று. இரண்டாம் கிளாரினெட்டில் நாங்கள் இரண்டே பேர்.

சிங்கப்பூர்க் கல்லூரி ஒன்றில் மாணவர்களே வாசிக்கும் பேண்டு இருந்தது. அங்கே பேண்டை நடத்தக் கற்றுக்கொள்ளும் மாணவன் ஒருவனுக்கு மூன்று ஆண்டுப் படிப்பும் விடுதிச் சாப்பாடும் இலவசம் என்றும், கோலாலம்பூரிலிருந்து ஒருவனை எடுக்கப் போகிறார்கள் என்றும் மணிலாக்காரர்தான் கண்டுபிடித்து வந்து சொன்னார். பேண்டை நடத்துவதோடு மற்றப் பாடங்களையும் படித்து ஆசிரியராக வெளியே வரலாம். மாமா மனுப் போட்டார். வீட்டில் சொல்லவில்லை. துரை ஒருவர் சனிக்கிழமை சோதிக்க வருவார் என்று கல்லூரியிலிருந்து பதில் வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

“குச்சிய ஆட்டுறதுக்கு ஒரு காலேஜா?” என்றார் அம்மா.

“ஆட்டுறதில்லக்கா. இருபது பேர் ஊதுறதயும் ஒரே நேரத்துல கேக்கணும்.”

“உன் அத்தான் நாலு மாசமா கத்துறது ஒண்ணு. அத மொதல்ல கேளு.”

அப்பா கத்தவில்லை. சனிக்கிழமை அந்தத் துரை வந்து சோதிக்கட்டும், இடம் கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் வண்டியில் கிள்ளான், அதற்குப் பிறகு பேண்டுப் பேச்சே இந்த வீட்டில் கூடாது என்றார். மாமா சரி என்று தலையாட்டினார். அன்றே அம்மா அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு வெள்ளைக் கால்சட்டைகளை மடித்து வைத்துவிட்டார். எந்த ஊருக்கானாலும் கால்சட்டை வேண்டுமே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி மண்டபத்தில் சோதனை. மழை பெய்ததாக அம்மா சொல்வார். அவர் அங்கே இல்லை. வெயில்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த துரை ஒல்லியானவர், காதில் முடி வளர்ந்தவர். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தோடு மண்டபத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனுப் போட்டவர்களில் வந்தவர்கள் இரண்டு பேர். மாமாவும், கிள்ளானிலிருந்து வந்த ஓர் இளைஞரும். இருவரும் தனித்தனியாக எங்கள் பேண்டை வைத்து ஒரே பாட்டை நடத்த வேண்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் மண்டபத்துக்கு வெளியே, மாமரத்தடியில் காத்திருக்க வேண்டும்.

கிள்ளான்காரர் முதலில் மேடையேறினார். பளபளக்கும் சப்பாத்து, உண்மையான கோல். அழகாகத்தான் நடத்தினார். பாட்டு முடிந்ததும் துரை நாற்காலியிலிருந்தே ஒரு கேள்வி கேட்டார்.

“இரண்டாம் பகுதியில் ஒருவர் தப்பாக ஊதினார். யார்?”

கிள்ளான்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை என் மேல் பட்டபோது நான் குற்றவாளி போலக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் கோலை நீட்டி ஹார்ன் ஊதிய பையனைக் காட்டினார். அந்தப் பையன் பாவம், “நான் சரியாத்தான் ஊதினேன், சார்!” என்று எழுந்தே நின்றுவிட்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். துரை எழுதிக்கொண்டார். கிள்ளான்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் விட்டார்கள். நான் குழாயடிக்குப் போகும்போது துரை என்னைச் சன்னல் பக்கம் கூப்பிட்டார். என் தாளை வாங்கி, மூன்றாம் பகுதியில் ஒரு சுரத்தின் மேல் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்தார். மாமா நடத்தும்போது அந்தச் சுரத்தை அரைச் சுரம் தாழ்த்தி ஊத வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். “செய்வாயா?” என்று கேட்டார். “எஸ், சார்” என்றேன். வெள்ளைக்காரத் துரையிடம் வேறு என்ன சொல்ல முடியும்? நான் யாருடைய மருமகன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை.

நாற்காலிக்குத் திரும்பும் இருபது அடியில் நான் முழுவதையும் யோசித்து முடித்துவிட்டேன். இவர் வேண்டுமென்றே பள்ளம் தோண்டுகிறார். கிள்ளான்காரர் விழுந்த பள்ளமும் இவர் தோண்டியதுதான். மாமாவும் அதே போல நின்று விழிப்பார், பின்வரிசை சிரிக்கும், திங்கட்கிழமை தோட்டம். அதுவும் யாரால்? அவர் கையாலேயே கிளாரினெட் பிடிக்கக் கற்ற என்னால். ஒரே வழிதான் இருந்தது. நான் சரியாக ஊதிவிட வேண்டும். தப்பே நடக்காவிட்டால் அவர் எதைக் கேட்பார்?

மாமா ஏறினார். அம்மா இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. சாப்பாட்டுக் குச்சியைத் தூக்கினார். தொடங்கினோம். மூன்றாம் பகுதி வந்தது. பென்சில் புள்ளி கொசு போல என் கண்ணெதிரே நின்றது. அதன் அடியிலிருந்த சுரத்தை என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் ஊதியதில்லை.

பாட்டு முடிந்தது. துரை அதே குரலில் கேட்டார்.

“மூன்றாம் பகுதியில் ஒருவர் தப்பாக ஊதினார். யார்?”

இப்படி ஒரு வழி இருக்கும் என்று அந்த இருபது அடியில் எனக்குத் தோன்றவேயில்லை.

மாமா குச்சியை இறக்கினார். “மறுபடி ஒருமுறை கேட்கலாமா, சார்? மாஸ்டர் நடத்தட்டும். நான் திரும்பி நின்று கேட்கிறேன்” என்றார்.

துரை சம்மதித்தார். மணிலாக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். மாமா எங்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். இப்போது என் நிலைமை இரண்டு மடங்கு மோசமாகிவிட்டது. இந்த முறை தப்பாக ஊதினால், முதல் முறை மாமா அதைக் கோட்டை விட்டதாக ஆகும். சரியாக ஊதினால், இல்லாத தப்பை அவர் எங்கே போய்த் தேடுவார்? புள்ளி நெருங்க நெருங்க மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் துளைகளின் மேல் ஓடின. கிளாரினெட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

முடிந்ததும் மாமா திரும்பினார்.

“இந்த முறை இரண்டாம் கிளாரினெட் ஒன்றுதான் கேட்டது, சார். மேடையிலிருந்து பார்க்க இடப்பக்கம் இருப்பவன் ஊதவில்லை.” இடப்பக்கம் நான்தான். “முதல் முறை இரண்டும் கேட்டன. இரண்டும் சரி.”

“நான் கேட்டது முதல் முறையைப் பற்றி.”

“முதல் முறை யாரும் தப்பாக ஊதவில்லை, சார்.”

“நன்றாக யோசித்துச் சொல். தப்பாக ஊதும்படி ஒருவரிடம் நானே சொல்லியிருந்தேன்.”

மணிலாக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். மாமா யாரையாவது காட்டிவிட்டால் நல்லது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஹார்ன் பையனைக் காட்டலாம், ஏற்கெனவே பழகியவன்.

“அப்படியானால் அவர் ஊதவில்லை, சார். தப்பு என் காதில் விழவில்லை. இல்லாததை நான் யார் மேல் சொல்வது?” என்றார் மாமா.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். கிளாரினெட் மடியிலிருந்து நழுவி, பக்கத்துப் பையன் பிடித்துக்கொண்டான். “நான்தான், சார். நீங்க சொன்னபடி ஊதல, சார். அவரு எங்க மாமா, சார்” என்று அழுகைக்கு நடுவே தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னேன். பின்வரிசை இந்த முறை சிரிக்கவில்லை. மணிலாக்காரர்தான் மெதுவாக, “தியாடா சாலா” என்றார். தப்பில்லை என்று பொருள். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

துரை என்னை உட்காரச் சொன்னார். மாமாவிடம் போய்க் கை கொடுத்தார். ஜூனில் கல்லூரி திறக்கும், கடிதம் பின்னால் வரும், இடம் உனக்குத்தான் என்றார். மாமாவின் முகத்தில் சந்தோஷம் வர நேரம் பிடித்தது. முதலில் வந்தது, மூட்டையை இறக்கி வைத்தவனின் களைப்பு.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். ரயில் பாதைக் கடவு அருகே மாமா நின்றார்.

“ஏன்டா ஊதல?”

“மூச்சு வரல மாமா.”

“அது ரெண்டாவது தடவ. மொதல் தடவ ஏன் சரியா ஊதின?”

“நீங்க மாட்டிக்கக்கூடாதுன்னு.”

பாதையோரக் கல்லில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கியவர், ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போகும்வரை நிறுத்தவில்லை. “மருமவனே, நீ காப்பாத்துற லட்சணத்துக்கு நான் திங்கக்கெழம தோட்டத்துல பேரேடு எழுதிக்கிட்டு இருக்கணும்டா” என்றார். அன்று மாலை அப்பா பெரிய கிராணிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். எழுதும்போது அவரும் ஒருமுறை சிரித்ததை நான் பார்த்தேன். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அம்மா பெட்டியைத் திறந்து கால்சட்டைகளைப் பார்த்துவிட்டு, அப்படியே மூடினார். பிறகு ராத்திரிச் சோற்றுக்கு அப்பளம் பொரித்தார்; மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம்.

என் அழுகைதான் மாமாவைக் கரையேற்றியது என்று நெடுங்காலம் நம்பினேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் இந்தக் கதையைப் பலமுறை அப்படியே சொல்லியிருக்கிறேன். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பார், திருத்த மாட்டார். எனக்கு மகன் பிறந்த பிறகு, ஆசிரியராகிக் கோலாலம்பூருக்கே திரும்பியிருந்த மாமா தன் மாணவர்களுக்குச் சோதனை வைப்பதைப் பார்க்கப் போனேன். அன்றுதான் கேட்டேன்: நான் எழுந்து சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“ஒண்ணும் ஆயிருக்காது. நீ சரியா ஊதினது அவருக்கு அப்பவே கேட்டிருக்கும்டா. அந்த ஒரு சுரத்துக்காகத்தானே காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“அப்புறம் ஏன் யாருன்னு கேட்டாரு?”

“பெரிய மனுஷன் கேக்குறாரேன்னு, தப்பே பண்ணாத ஒரு பையன நான் காட்டிக் குடுக்குறேனான்னு பாக்கத்தான்.”

வீட்டுக்கு வந்து என் குறிப்பில் அதை எழுதிய பிறகுதான் அந்தக் காட்சியின் இன்னொரு துண்டு நினைவுக்கு வந்தது. நான் அழுதுகொண்டு எழுந்தபோது துரை என்னைப் பார்க்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடி, பேனாவுக்கு மூடியைத் திருகி, சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எழுதி முடித்துவிட்டார். பதினொரு வயதில் நான் அதைப் பார்த்தேன். பாவம், துரைக்கு மை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.