மீன ராசியில் ஒரு விண்ணப்பம்

ஞாயிறு காலை ஒன்பது இருபது. மத்திகிரியில் எங்கள் சபை கூடும் தகரக் கூரை மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஜெப விண்ணப்பப் பெட்டி. பிஸ்கட் டின்; மூடியில் கத்தியால் கீறிய துவாரம். என் உள்ளங்கையில் நான்காக மடித்த சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது. எனக்கு ஒன்பது வயது.

அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் கம்பெனி திருநெல்வேலிப் பக்கம் புதிய ஆலை திறந்தது. சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு, மூன்று வாரமாக அதற்காகச் சீட்டுப் போட்டுவந்தார். போதகர் வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். எனக்கோ பக்கத்து வீட்டுத் தோழியை விட்டுப் போக மனமில்லை. வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் என்னிடம் தமிழும் பேசுகிறவள். என் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியும் என்பதால் எதிர் விண்ணப்பத்தை அவளையே எழுதச் சொன்னேன்.

அவளுக்குத் தெரிந்தது கோயில் அர்ச்சனைச் சீட்டு.

“உன் நட்சத்திரம் சொல்லுடீ.”

“எங்களுக்கு அதெல்லாம் கிடையாதுடீ.”

“நட்சத்திரம் இல்லன்னா யாருக்குக் குடுக்கறதுன்னு சாமிக்கு எப்பிடித் தெரியும்? பரவால்ல, என்னோடத வெச்சுக்க.”

தாராள மனசுக்காரி. வாங்கிக்கொண்டேன்.

போதகர் முதலில் அப்பாவின் சீட்டை வாசித்தார். ஆமென். அடுத்ததைப் பிரித்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். “ரேவதி நட்சத்திரம், மீன ராசி. அப்பாவுக்கு டிரான்ஸ்பர் கிடைக்கக் கூடாது.”

மண்டபமே சிரித்தது. கீபோர்டு அண்ணன் சிரிப்பை மறைக்கத் தலையைக் கட்டைகளின் மேல் கவிழ்த்ததில் ஏழெட்டுச் சுரங்கள் ஒன்றாக அலறின. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “ஏட்டி, யாரு வேலை இது?”

போதகர் சிரிக்கவில்லை. “எல்லா ராசிக்காரருக்கும் கர்த்தர் ஒருத்தர்தான். ஜெபிப்போம்” என்று கண்ணை மூடினார். முடிவில் அப்பாவின் ஆமென்தான் பெரிதாகக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். “கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார். நாங்க இங்கயேதான் இருக்கோம். ஸ்தோத்திரம்.” உட்கார்ந்துவிட்டார். சபை விழித்தது, எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தோழியிடம் ஓடினேன். நட்சத்திரம் தன்னுடையது, பாதிப் பெருமை தனக்கு என்றாள், கொடுத்தேன். அப்பாவின் சீட்டைவிட எங்களுடையதில் விவரம் அதிகம், அதனால்தான் ஆண்டவர் எங்கள் பக்கம் சாய்ந்தார் என்று முடிவுசெய்தோம். அந்த வாரம் வகுப்பில் இன்னும் நான்கு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தோம்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மா சொல்லித் தெரிந்தது: சீட்டு வாசித்த வாரம் புதன்கிழமை அப்பாவுக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வியாழக்கிழமை அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.