தண்ணி ஊத்தாமத் தூக்கிப் பார்த்த பெட்டி

ஒரு தேய்ப்புப் பெட்டி வாங்க இம்புட்டு யோசிச்ச ஆளு திண்டுக்கல்லுல என்னைத் தவிர எவனும் இருக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை விடல. கடைசிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே ஒரு பெருமூச்சு விட்டாரு. விடட்டும். அவருக்கு என்ன தெரியும்?

என் வீட்டுக்காரிக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சு திரும்பிருச்சு, நடை ஓரளவு வந்துருச்சு, கை மட்டும் அரைகுறையா நின்னுபோச்சு. அடுப்புக்கிட்ட அவளை விட எனக்குப் பயம். நானே சமைச்சேன், நானே வீடு கூட்டினேன். அவ கட்டில்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தா. கொடுமை என்னன்னா, ஒரு குறை சொல்லல. சோத்துக்கு நான் வச்ச வெஞ்சனத்தைத் தின்னுட்டுப் பேசாம இருக்கிற பொம்பளையா அவ?

கைக்குப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு ஒருநாள், உங்களுக்கு என்ன வேலைம்மா செய்யணும்னு ஆசைன்னு கேட்டுச்சு. துணி தேய்க்கணும்னு சொன்னா இவ. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கஞ்சி போட்டு மடமடன்னு தேய்ச்சுக் கட்டுறதுல அவளுக்கு அம்புட்டுப் பெருமை. வீட்டுல இருந்த பழைய பெட்டி இரும்புக் குண்டு. அதைத் தொடாதீங்க, லேசா ஒரு ஸ்டீம் பெட்டி வாங்குங்க, ஆவியிலயே சுருக்கம் போயிரும், கையை அழுத்த வேண்டியதில்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

அதான் கடை கடையா ஏறினேன். ஒவ்வொரு பெட்டியையும் இடது கையால தூக்கிப் பார்த்தேன். அவ கையோட நிலைமை கொஞ்சமாச்சும் தெரியட்டும்னு. கடைக்காரர் இத்தனை வாட்டுங்கிறாரு, அடியில ஆவி வர இத்தனை ஓட்டைங்கிறாரு. நான் திருப்பித் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: எந்தத் தண்ணி ஊத்தணும்? நம்ம ஊர்க்காரன் வேற என்னத்தைக் கேட்பான்? போர்த் தண்ணி பட்ட வாளியெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்துக் கிடக்கு. அதை ஊத்தினா ஓட்டை அடைச்சுக்கும், நல்ல தண்ணிதான் ஊத்தணும்னாரு. இருக்கிறதுலயே லேசானதை எடுத்துக்கிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில அவ குளிச்சுப் பொட்டு வச்சுத் தயாரா இருந்தா. மேசையில போர்வையை விரிச்சு, அதுமேல மஞ்சள் சுங்குடியைப் போட்டோம். குடிக்கப் பிடிச்சு வச்சிருந்த தண்ணியை மோந்து, பெட்டியில விளிம்பு வரைக்கும் ஊத்தினேன். உப்பு ஒரு துளி சேராதுன்னு அவகிட்ட பீத்திக்கிட்டேன்.

அவ வலது கையால தூக்கினா. கொஞ்சம் எழும்புச்சு, மணிக்கட்டு மடங்கிருச்சு, பெட்டி தொப்புன்னு விழுந்துச்சு. நல்லவேளை, சூடு ஏறல. மறுபடி தூக்கினா, மறுபடியும் விழுந்துச்சு. அப்பத்தான் என் மண்டையில உறைச்சுச்சு. கடையில நான் தூக்கினது பூராம் வெறும் பெட்டி. வாழ்நாள் முச்சூடும் குடம் குடமாத் தண்ணி சுமந்தவன், தண்ணிக்கு ஒரு கனம் உண்டுங்கிறதை மறந்து தொலைச்சிட்டேன். என்னையெல்லாம் செருப்பால அடிக்கணும்.

பாதியைக் கொட்டினேன். அப்பவும் பெட்டி ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. பூராத்தையும் கொட்டிச் சூடு ஏத்தினதும் தூக்கிட்டா, ஆனா ஆவி இல்லாமச் சுருக்கம் போகல. அழுத்தத் தெம்பு இல்ல. இன்னும் கொஞ்சூண்டு ஊத்தித் தாரேன், செத்த நேரம் பொறுன்னேன். அவ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வச்சா.

"தெருக்குழாயில இருந்து இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு ரெண்டு குடம் தூக்கிட்டு வந்தவ நான். இப்ப ஒரு டம்ளர் தண்ணி. விட்ருங்க."

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எம்புட்டோ கெஞ்சிப் பார்த்துச்சு. பயிற்சிக்குக் கையையே நீட்டல அவ.

இப்ப நான்தான் அவ சேலையைத் தேய்க்கிறேன். வேணும்னே முந்தியைக் கோணலா மடிப்பேன். பழைய ஆளா இருந்தா அதைப் பிடுங்கி என் மூஞ்சியில எறிஞ்சிருப்பா. ஒரு வார்த்தை வையட்டும்னு ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டே நிக்கிறேன். ஆவி வர்ற சத்தம் கேட்டதும் அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறா.