போனுக்குப் பரிவட்டம்

லக்ஸ்மன் முதலாளியை நாலு மாதமாகப் பொலிஸ் தேடுகிறது. மனுசனோ டயகம தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சாவகாசமாக வந்துசேர்ந்தார், கோயில் தலைவர் வீரய்யாவின் போன் திரைக்குள்.

நாகலெட்சுமிக்குக் கொழுந்துக் கூடை சுமந்தே முதுகு வளைந்துவிட்டது. வாய் மட்டும் வளையாது. வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு, இருபத்திரண்டு வருசத்தில் ஒருநாள்கூட அவள் பிந்தியதில்லை. புருசன் ஆண்டியப்பன் முதலாளியின் லொறி ஓட்டியவன். தேயிலை மூட்டைக்குள் தங்கக்கட்டி இருந்தது அந்த அப்பாவிக்கு எங்கே தெரியும்! லஞ்சம் தின்ற அதிகாரிகள் சோதனை வருவதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லி விமானம் ஏற்றிவிட்டார்கள். ஆண்டியப்பன் ஓடவில்லை. லொறிப் பக்கத்திலேயே நின்றான், இப்போது ரிமாண்டில் கிடக்கிறான்.

கோபுரம் கட்டிக்கொடுத்தவருக்குத்தான் முதல் பரிவட்டம், அது கோயில் வழக்கம். கட்டிக்கொடுத்தவர் லக்ஸ்மன் முதலாளி. பட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரி திருதிருவென்று முழித்தார். வீரய்யா போனை உயர்த்திப் பிடித்தார்.

"சும்மா சுத்திக் கட்டுங்க சாமி, நேரமாகுது."

நாகலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்துங்க தலைவரே! இந்தாளுக்கு மரியாதை செஞ்சா, அப்பக் கள்ளன் யாரு? உள்ள கெடக்குற என் புருசனா? நாளைக்குக் கோட்டுலயும் அதத்தானே சொல்லுவாங்க?"

"கோயில்ல சத்தம் போடாத புள்ள. கோபுரம் யாரு காசு?"

"அதப் பொலிஸத்தான் கேக்கணும்!"

லயத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். போனுக்குள்ளிருந்து முதலாளி அதட்டினார்: "யார் அது?"

"ஆண்டியப்பன் பொண்டாட்டி. பெரட்டுக்கு வராத ஆளுக்குக் கண்டாக்கையா பேர் போடுவாரா? போன்ல 'இருக்கேன்'னா விடுவாரா? நீங்களும் நேர்ல வாங்க மொதலாளி. மூட்டையில இருந்தது என்னோடதுன்னு கோட்டுல சொல்லுங்க. நானே ஆரத்தி எடுக்குறேன்!"

திரை இருண்டது. போனிலிருந்தும் ஓடிவிட்டார் மனுசன்.

வீரய்யா போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மடியில் செருகினார். பூசாரி துணியோடு அப்படியே நின்றார்.

"இப்ப இத யாருக்கும்மா கட்டுறது?"

"பெரட்டுல மாதிரி பேரக் கூப்பிடுங்க சாமி. ஓடாம நின்ன ஆளோட பேர."

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆண்டியப்பன்!"

"இருக்காரு!" என்று மலைக்கே கேட்கக் கத்தினாள் நாகலெட்சுமி. கூடைக் கயிறு அழுத்தித் தழும்பேறிய நெற்றியைப் பரிவட்டத்துக்கு நீட்டினாள்.