தளம் அடிக்கும் சத்தம்

ஆம்பூரில் நான் வாங்க வந்த புது வீடு என் தலைமேலேயே இடிகிறது என்று நம்பிவிட்டேன். செருப்பை உள்ளே விட்டுவிட்டுத் தெருவில் நிற்கிறேன். மேலே தொம்தொம்மென்று சத்தம். பட்டணத்தில் வீட்டு விலை எட்டாமல்தான் இங்கே வந்தேன். அங்கே வாடகை வீட்டுக் கூரை ஒருநாள் என் சோற்றில் விழுந்தது முதல் எனக்கு ஓட்டத்தில் நல்ல பயிற்சி.

மாடியிலிருந்து மரக்கட்டையோடு ஒரு சித்தாள் எட்டிப் பார்க்கிறாள்.

"இன்னா ஓட்டம் ஓட்றீங்க! சுண்ணாம்புத் தளம் அடிக்கிறோம். தளம் இறுகி, கட்டை எகிறுற வரைக்கும் அடிக்கணும்."

"ஒழுகினால்?"

"கடுக்கா தண்ணியும் வெல்லமும் ஊத்தி அடிக்கிற தளங்க. அடிச்சு முடிச்சதும் மேல தண்ணி கட்டுவோம். நீங்களே கீழ படுத்துப் பாருங்க."

சில நாள் கழித்து, அடித்து முடித்த தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நான் கீழே பாய் விரித்து, குடையும் பிடித்துப் படுத்திருக்கிறேன். பொழுது சாய்ந்துவிட்டது. குடை நனையவில்லை.