முத்துவுக்கு முத்து போட்டது

முத்துவின் இடது கன்னத்தில் முதலில் ஒரு சிவப்புத் தடிப்புதான் தெரிந்தது. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். சில நாட்களில் தாடையெல்லாம் சிறு கொப்புளங்கள், உதிர்ந்த முடி, ஓயாத சொறிதல். உங்கள் வீட்டு நாய்க்கும் இப்படி வந்திருந்தால், நாங்கள் செய்த வரிசையில் எதையும் செய்யாதீர்கள்.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் இலஞ்சி வீட்டுக்கு வரவிருந்த நேரம் அது. "ஒட்டிக்கிற சொறியா இருந்தா பிள்ளத்தாச்சிக்கு ஆகுமா? பேசாம கடையத்துத் தோப்புக்கு அனுப்பிருங்க" என்றாள் என் மனைவி செல்வி. என் தம்பியின் தோப்பு அது. அங்கே இரண்டு முரட்டு நாய்கள் உண்டு. முத்துவோ பூனை வந்தாலே ஒதுங்கி வழிவிடுகிற சாது. அங்கே தாங்காது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். "ஏட்டி செல்வி, இது சொறி இல்ல. முகத்துல முத்து போட்டிருக்கு, பாரு. ஆத்தால்லா வந்திருக்கா!"

அம்மைக் கொப்புளத்துக்கு எங்கள் பக்கம் முத்து என்றுதான் பெயர். முத்துவுக்கே முத்து போட்டுவிட்டது. அம்மை கண்டவரை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்பதால் கடையம் பயணம் நின்றது. அக்காவின் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு. வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிப்பும் மீனும் நின்றன. வெறும் தயிர்ச்சோற்றை மோந்துவிட்டு, முத்து செல்வியை ஒரு பார்வை பார்த்தது.

என் சந்தோஷம் மகளின் போன் வரும்வரைதான். அம்மை கண்ட வீட்டுக்குக் கர்ப்பிணி வரக் கூடாதாம். பிரசவத்தை மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார்களாம். செல்வி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா என்னைய மன்னிச்சுக்கிடுவா. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றாள்.

தென்காசியில் கால்நடை மருத்துவர் சுரண்டல் சோதனை (தோலை லேசாகச் சுரண்டி, சொறிப்பூச்சி உண்டா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார். பூச்சி இல்லை. பூஞ்சையும் இல்லை. நாய்க்கு அம்மை என்று செல்வி சொன்னதை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து முத்துவின் முகத்தை மோந்தார். நிமிராமலே என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே வாசம் வருது. என்ன தேய்க்கீங்க?"

முழங்கால் வலிக்குக் குற்றாலத்தில் வாங்கிய தைலம். சாயங்காலமானால் தாராளமாகத் தேய்ப்பேன். என் இடது முழங்காலில் கன்னத்தை வைத்துத்தான் முத்து தூங்கும்.

"தொடு ஒவ்வாமை (ஆகாத பொருள் பட்டுத் தோல் புண்ணாவது). யாருக்கும் ஒட்டாது. தைலத்த மட்டும் நிறுத்திருங்க" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்ப ஆத்தா உங்க முழங்கால்லயா இருந்தா?"

களிம்பும் மாத்திரையும் வேலை செய்தன. சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு முத்து எல்லாக் கதவிலும் முட்டியது. கூம்பு தடுத்ததால் என் முழங்காலில் தலை வைக்க முடியவில்லை. அந்த நாட்கள் எங்கள் இருவருக்கும் நகரவே இல்லை. பிறகு முடி முளைத்தது, கூம்பு போனது. மகள் வந்தாள். பேத்தி பிறந்தாள்.

தைலம் இல்லாமல் முழங்கால் வலி முன்பைவிட அதிகம்தான், சாரல் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பேத்தியை என்னிடம் கொடுப்பதற்கு முன் செல்வி குனிந்து என் முழங்காலை மோந்து பார்க்கிறாள். பிறகு வலது தொடையில் பேத்தி தூங்குகிறாள், இடது முழங்காலில் முத்து. சாப்பிடக் கூப்பிட்டால் "வருதேன்" என்கிறேன். கால் இரண்டும் மரத்துப்போகின்றன. இருவரும் விழித்தால்தானே நான் எழுந்திருக்க முடியும்.